சிறு படகுக்கு நங்கூரமிடுதல்: ஆழம் குறைந்த கடலுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம் பகுதியில் 28 முதல் 30 அடி நீள ஃபைபர் படகுகளில் புதிய ஆட்களைப் பல ஆண்டுகளாகப் பழக்கிவருகிறேன். எஞ்சின் ஓட்டுவதை இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறவர்கள், நங்கூரமிடுவதில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். நிறுத்திய படகு நகர்ந்துவிட்டால், 'இன்னும் கனமான நங்கூரம் வாங்க வேண்டும்' என்பதுதான் அவர்கள் முதலில் சொல்வது. பெரும்பாலும் நங்கூரத்தில் குறை இருப்பதில்லை. கயிறு போதாமல் இருக்கும்.

சிறு படகின் நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்துவைப்பதில்லை. தரைக்குள் புதைந்து பிடிக்கிறது. அது புதைய வேண்டுமானால் இழுவை தரையோடு படிந்து வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. நம் படகுகள் நிற்பது பெரும்பாலும் 2 முதல் 10 மீட்டரில். ஆகவே இங்கே சொல்லும் கணக்குகள் எல்லாம் அந்த ஆழத்திற்கானவை.

## 1. கரையிலேயே முடிக்க வேண்டிய வேலை

கடலில் போய்ச் சங்கிலியை இணைக்கலாம் என்று விடாதீர்கள். ஆடுகிற படகில் கொக்கியும் முடிச்சும் சரியாக விழாது.

நங்கூரம். நம் பக்கத்தில் கொல்லர் பட்டறையில் கம்பி வளைத்துச் செய்யும் நான்கு கை நங்கூரம்தான் அதிகம். பாறையும் பாரும் (கடலடிப் பாறைத் திட்டு) உள்ள தரையில் அது நன்றாகப் பிடிக்கும். மணலிலும் சேற்றிலும் அதன் மெல்லிய கைகள், தலைமுடியில் சீப்பு போவதுபோல் கீறிக்கொண்டே போய்விடும். அந்தத் தரைக்குத் தட்டையான அகன்ற இரண்டு தகடுகள் கொண்ட டான்ஃபோர்த் வகையோ, கலப்பைக் கொழு வடிவ நங்கூரமோ வேண்டும். 30 அடிப் படகுக்கு 10 முதல் 15 கிலோ போதும். நான் இரண்டு வகையையும் படகில் வைத்திருக்கிறேன். ஒன்று பறிபோனால் மற்றொன்று இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

சங்கிலி. நங்கூரத்தை ஒட்டி குறைந்தது 5 மீட்டர் இரும்புச் சங்கிலி இருக்கட்டும். 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. இந்த எடை கயிற்றின் அடிமுனையைத் தரையில் அழுத்திவைக்கிறது. பாறையில் உரசினாலும் சங்கிலி அறுபடாது. புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். நங்கூரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைச் சங்கிலிக்குக் கொடுத்தால் பலன் கூடுதலாகக் கிடைக்கும்.

கயிறு. நைலான் கயிறு, 12 அல்லது 14 மில்லிமீட்டர் தடிமன், 60 மீட்டர் நீளம். நைலான் இழுபட்டு நீள்வதால் அலையின் உதறலைத் தானே வாங்கிக்கொள்கிறது. விலை குறைவு என்று பலரும் வாங்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு அந்த அளவுக்கு நீள்வதில்லை. அலையின் ஒவ்வொரு வெட்டும் நேராக நங்கூரத்துக்குப் போய்ச் சேரும். அது தண்ணீரில் மிதக்கவும் செய்யும். தொய்ந்த நேரத்தில் மேலே மிதந்து, பக்கத்துப் படகின் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

இணைப்பு. கயிற்றின் முனையில் இரும்பு வளையக் காப்பு வைத்து, புரிகளைப் பிரித்துப் பின்னிச் சேருங்கள். முடிச்சுப் போட்டால் கயிற்றின் வலிமையில் பாதி வரை குறையும். சங்கிலியை நங்கூரத்தோடு சேர்க்கும் ஷேக்கிள் என்ற இரும்பு இணைப்பு வளையத்தின் திருகாணியை இறுக்கி, அதன் கண்ணில் கம்பி நுழைத்து முறுக்கிக் கட்டுங்கள். கம்பி கட்டாத திருகாணி அலையாட்டத்தில் மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

அளவுக் குறி. ஐந்து மீட்டருக்கு ஒரு முறை நிறத் துணியோ நூலோ சுற்றி வையுங்கள். பாகக் கணக்கில் பழகியவர்கள் மூன்று பாகத்துக்கு ஒரு குறி வைக்கலாம். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். குறி இல்லாமல் எவ்வளவு கயிறு விட்டோம் என்பது யாருக்கும் தெரியாது. இருட்டில் நிச்சயமாகத் தெரியாது.

கடைசி முனை. கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டிவிட்டீர்களா? கட்டாத முனை கண் முன்னாலேயே கடலுக்குள் போவதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். சிறு கயிற்றால் கட்டுங்கள். பக்கத்தில் கத்தி இருக்கட்டும். ஆபத்தில் அறுத்துவிட்டு ஓட வேண்டிய நேரமும் வரும்.

## 2. இடம் தேர்தல்

காற்று எங்கிருந்து வருகிறது என்பதைவிட, இரவில் எங்கிருந்து வரும் என்பதே முக்கியம். மாலையில் கடல்காற்றில் பாதுகாப்பாக நின்ற படகு, பின்னிரவில் கரைக்காற்று எழுந்ததும் திரும்பி நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். தென்காற்றான சோழகம் வீசும் மாதங்களில் இது தலைகீழாக மாறும். மண்டபம், இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பப் படகை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றுவது இதனால்தான்.

அடுத்தது தரை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கிரீஸ் அல்லது சோப்பு அடைத்துத் தரையில் தொட்டு எடுங்கள். மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் குண்டு 'டொக்' என்று மோதினால் பாறை. ஆழமும் அதிலேயே தெரிந்துவிடும்.

மணல், களி கலந்த சேறு ஆகியவை நல்ல தரை. கடற்புல் மோசமான தரை. ஓர் ஐப்பசி மாலையில் அவசரமாக நங்கூரத்தை விட்டு, கயிறு இறுகியதும் பிடித்துவிட்டது என்று நம்பிச் சமைக்க உட்கார்ந்தோம். தலை நிமிர்ந்தபோது கரை விளக்குகள் இடம் மாறியிருந்தன. இழுத்துப் பார்த்தால், நங்கூரத்தைச் சுற்றிப் பானை அளவுக்குப் புல் உருண்டை. அதன் கைகள் தரையைத் தொட்டிருக்கவே முடியாது. புல்லைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அது கடற்பசுவின் உணவு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இழுபடும் நங்கூரம் அந்தப் புல்லை வேரோடு உழுதுவிடும். ஒரு முறை உழுத தடம் ஆற நீண்ட காலம் ஆகும்.

பவளப்பாறை மீது நங்கூரம் போடவே கூடாது. பாறையை அமைக்கும் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. பவளத்துக்கு அருகே வேலை இருந்தால், அதை ஒட்டிய மணல் திட்டைத் தேடி அதில் இறக்குங்கள். தெளிந்த நீரில் மணல் வெளிறித் தெரியும். பவளமும் புல்லும் கருமையாகத் தெரியும்.

படகு சுழல இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விட்ட கயிற்றின் நீளத்தோடு படகின் நீளத்தைக் கூட்டினால் வருவது சுழற்சி வட்டத்தின் ஆரம். அந்த வட்டத்துக்குள் வேறு படகோ, வலையோ, திட்டோ வரக்கூடாது. பாம்பன் கால்வாய் போன்ற போக்குவரத்து வழியில் நிற்காதீர்கள். அங்கே நீரோட்டமும் கடுமையாக இருக்கும்.

## 3. எவ்வளவு கயிறு?

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

ஆழத்தை மட்டும் ஐந்தால் பெருக்கிக் கயிறு விடுவது பொதுவான பிழை. கயிறு புறப்படுவது நீர்மட்டத்திலிருந்து அல்ல, படகின் முன்முனையான அணியத்தின் மேலிருந்து. கூட்ட வேண்டியவை மூன்று: இப்போதைய ஆழம், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம், இனி ஏறப்போகும் நீரின் அளவு.

ஈயக்குண்டு 4 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அணியம் 1 மீட்டர் உயரம். நம் பக்கத்தில் ஏற்றம் குறைவு. அரை மீட்டர் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 5.5 மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 27.5 மீட்டர் கயிறு. ஆழத்தை மட்டும் பெருக்கியவர் 20 மீட்டர்தான் விட்டிருப்பார். உண்மையில் அது மூன்றரை மடங்குக்குச் சற்றே அதிகம். கடல் ஆழம் குறையக் குறைய இந்தப் பிழை பெரிதாகும். 2 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டியது 17.5 மீட்டர், அவர் விடுவது 10. கரையோரம் நிற்கிறோம், பயமில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் படகுகள் அதிகமாக நகர்கின்றன.

மடங்கு ஏன் முக்கியம் என்றால், அதுதான் இழுவையின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. கயிறு விறைத்து நேராக நிற்கும்போது மூன்று மடங்கில் அது தரையோடு ஏறத்தாழ 20 பாகை சாய்வில் இருக்கும். ஐந்து மடங்கில் 11 அல்லது 12 பாகை. ஏழு மடங்கில் 8 பாகை. சங்கிலியின் எடை அந்தச் சாய்வை இன்னும் தணிக்கும்.

ஆள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பகல் நேரத்து அமைதிக் கடலில் ஐந்து மடங்கு. இரவு தங்கினால் ஏழு. காற்று கிளம்பும் என்று தெரிந்தால் பத்து, இடம் இருந்தால். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மீது விழும் விசை நான்கு மடங்காகும்; அதனால் காற்று எழுந்த பிறகு யோசிக்காமல், எழுவதற்கு முன்பே கயிற்றைக் கூட்டிவிடுங்கள்.

## 4. அணுகுதலும் இறக்குதலும்

காற்றை எதிர்த்து, நடை வேகத்தில் வாருங்கள். நீரோட்டம் காற்றைவிட வலுவாக இருந்தால் ஓட்டத்தை எதிர்த்து வாருங்கள். எது வலுவானது என்ற சந்தேகம் வந்தால் ஏற்கெனவே நிற்கும் படகுகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றன என்று பாருங்கள். உங்கள் படகும் அப்படித்தான் நிற்கப்போகிறது.

நினைத்த இடத்துக்கு மேலே வந்ததும் எஞ்சின் விசையை விலக்கி, படகு முற்றிலும் நிற்கும்வரை காத்திருங்கள். பின்னோக்கி நழுவத் தொடங்கியதும் நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள். வீசாதீர்கள். வீசினால் சங்கிலி குவியலாக நங்கூரத்தின் மேலேயே விழுந்து கைகளில் சிக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் புதையாது. தரை தொட்டதும் கயிறு தொய்வதைக் கையில் உணரலாம். அதற்குப் பிறகு படகு நழுவும் வேகத்துக்கு ஏற்பக் கயிற்றை விடுங்கள். அப்போதுதான் சங்கிலி நேர்கோட்டில் தரையில் படுக்கும்.

இறக்குகிறவர் கயிற்றுச் சுருளுக்குள் கால் வைக்கக்கூடாது. கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவும் கூடாது. உயிர்காப்பு அங்கி போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று: நங்கூரக் கயிற்றை ஒருபோதும் பின்பக்கத்தில் மட்டும் கட்டி நிற்காதீர்கள். நம் ஃபைபர் படகின் பின்புறம் தாழ்வானது, எஞ்சினின் எடையும் அங்கேதான். அலை அதன் மேல் ஏறி உள்ளே வந்தால் படகு கனத்து இன்னும் தாழும். அடுத்த அலை இன்னும் எளிதாக ஏறும். கயிறு எடுக்க வசதி என்று பலர் இதைச் செய்கிறார்கள். அமைதியான கடலில்கூட, கடந்துபோகும் விசைப்படகின் ஓர் அலை போதும்.

## 5. புதைத்தல்

மூன்று மடங்கு கயிறு போனதும், அணியத்தில் கயிறு கட்டும் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு மெல்லப் பிடியுங்கள். அணியம் காற்றை நோக்கித் திரும்பும். அதன் பொருள், நங்கூரம் தரையைக் கவ்வத் தொடங்கியிருக்கிறது. உடனே முழு விசையோடு இழுக்காதீர்கள். சேற்றில் நங்கூரம் ஆழம் இறங்கச் சற்று நேரம் வேண்டும். மீதிக் கயிற்றையும் விட்டு, கணக்கிட்ட அளவில் கட்டுங்கள்.

இப்போது எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, படிப்படியாக வேகம் கூட்டி, அரை நிமிடம் வைத்திருங்கள். பின்னோட்டம் இல்லாத நீள்தண்டு எஞ்சின் என்றால், இரண்டு பேர் அணியத்தில் நின்று கயிற்றை வாரி இழுத்துப் பாருங்கள், பிறகு காற்று படகைப் பின்தள்ள விடுங்கள். அமைதியான மாலையில் இந்தப் படியைத் தாண்டிவிடத் தோன்றும். அப்படித் தாண்டினால், புதைகிற வேலை நடு இரவில் முதல் காற்று அடிக்கும்போது, நீங்கள் உறங்கும்போது நடக்க வேண்டியிருக்கும். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

## 6. பிடித்திருக்கிறதா?

கயிற்றின் மீது உள்ளங்கையை வையுங்கள். பிடித்த நங்கூரத்தின் கயிறு இறுகும், தளரும், அவ்வளவுதான். நகரும் நங்கூரத்தின் கயிறு தடதடவென்று அதிரும். தரையில் குதித்துக் குதித்து வரும் நங்கூரம் அப்படித்தான் செய்தி சொல்கிறது. எந்தக் கருவியைவிடவும் முன்னதாக இது தெரிந்துவிடும்.

அடுத்து, கரையில் முன்னும் பின்னுமாக ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள்: ஒரு பனைமரமும் பின்னால் ஒரு கோபுரமும், ஒரு கம்பமும் பின்னால் ஒரு தொட்டியும். பக்கவாட்டில் இன்னொரு இணையைப் பிடியுங்கள். குமரிக் கடற்கரையில் கணிச்சம் என்று சொல்வது இந்தக் கணக்குதான். இணை பிரிந்தால் படகு இடம் மாறியிருக்கிறது. படகு தன் வட்டத்தில் ஆடுவதாலும் சற்றுப் பிரியும் என்பதால், ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல் கால் மணி நேரம் கவனியுங்கள். இரவில் விளக்கு எரியும் அடையாளங்களாகப் பாருங்கள். கைப்பேசியின் ஜி.பி.எஸ். எச்சரிக்கையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

நகர்ந்தால் முதலில் இன்னும் கயிறு விடுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். இழுபட்ட நங்கூரம் தானாகவே எங்காவது கவ்விக்கொள்ளும் என்று காத்திருப்பது கரையில் போய்த்தான் முடியும்.

## 7. நிற்கும் நேரத்தில்

கயிறு அணியத்தின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறிச் சுற்றிக் கட்டுங்கள். நங்கூரம் பிடித்திருந்தும் படகு போய்விட்டது என்றால், பெரும்பாலும் கயிறு அறுந்தது இந்த ஒரு சாண் இடத்தில்தான்.

சர்வதேசக் கடல்விதிப்படி நங்கூரமிட்ட படகு பகலில் முன்பக்கம் ஒரு கரும்பந்தும், இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு, போக்குவரத்து வழியிலோ நங்கூரத் தளத்திலோ அவற்றின் அருகிலோ இல்லாதபோது விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் விளக்கை ஏற்றுங்கள். இரவில் திரும்பும் விசைப்படகுக்கு உங்கள் படகின் நீளம் தெரியாது.

## 8. எடுத்தல்

எஞ்சினை ஓடவிட்ட பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். மெல்ல முன்னே போய், தொய்யும் கயிற்றை வாரிக்கொண்டே வாருங்கள். கையால் படகை இழுக்காதீர்கள். கயிறு செங்குத்தாக நின்றதும் கட்டையில் கட்டிவிட்டு, இரண்டு மூன்று அலைகள் படகைத் தூக்கவிடுங்கள். அலையே பிடுங்கிக் கொடுத்துவிடும்.

பாரில் சிக்கினால் முதலில் எதிர்த் திசையிலிருந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பார்த் தரையில் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு வழி செய்யலாம். சங்கிலியை நங்கூரத்தின் கைகள் சேரும் அடித்தலையில் ஷேக்கிளால் இணைத்து, தண்டின் மேல்முனையில் மெல்லிய கயிற்றால் மட்டும் கட்டுங்கள். சிக்கும்போது ஓங்கி இழுத்தால் மெல்லிய கயிறு அறுந்து, நங்கூரம் தலைகீழாகத் திரும்பிக் கழன்றுவரும். காற்று பலமாக இருக்கும் இரவில் இப்படிக் கட்டாதீர்கள். அறக்கூடாத நேரத்தில் அறும்.

## 9. நிலையான கட்டு போடுவதென்றால்

தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்களும், மீன் வளர்க்கும் கூண்டு, மிதவைத் தளம் வைத்திருப்பவர்களும் தரையில் கனமான ஒன்றைப் போட்டு மிதவை கட்டுவார்கள். நங்கூரத்துக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. இது எடையால் பிடிக்கிறது. அந்த எடையைக் கரையில் நிறுத்துப் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

கான்கிரீட் கடல்நீரில் தன் எடையில் நூற்றுக்கு 43 பங்கை இழந்துவிடும். 500 கிலோ கட்டி தண்ணீருக்குள் 285 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். இரும்பு இழப்பது 13 பங்குதான். அதனால் பழைய எஞ்சின் கட்டைகள் கான்கிரீட்டைவிடச் சிறந்தவை. எண்ணெய் மிச்சமில்லாமல் கழுவிவிட்டு இறக்குங்கள். சேற்றில் கட்டி புதைந்து உறிஞ்சிப் பிடிக்கும். மணல் தரையில் வழுக்கும், ஆகவே எடையைக் கூட்ட வேண்டும்.

கட்டியிலிருந்து தடித்த தரைச்சங்கிலி, பிறகு சுழல் இணைப்பு, அதன் பிறகு மெல்லிய சங்கிலி, மிதவை, கடைசியாகப் படகில் கட்டும் கயிறு என்பது வரிசை. சுழல் இணைப்பை விட்டுவிட்டால், படகு சுற்றச் சுற்றச் சங்கிலி முறுக்கேறிக் குட்டையாகி மிதவையையே கீழே இழுக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை முங்கிப் பாருங்கள். வாடைக் காலம் தொடங்குவதற்கு முன் ஒரு முறை கட்டாயம். முதலில் பார்க்க வேண்டியது சங்கிலி தரையை விட்டு எழும்பும் இடம். ஒவ்வொரு அலைக்கும் அங்கேதான் கண்ணிகள் மணலில் தேய்ந்து எழுந்து விழுகின்றன. மற்ற கண்ணிகள் புதிதாகவே தோன்றும்போது அந்த நான்கைந்து கண்ணிகள் ஊசிபோல் மெலிந்திருக்கும். கம்பியின் தடிமனில் நான்கில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் நான் அந்தத் துண்டை மாற்றிவிடுகிறேன்.

புயல் எச்சரிக்கை வந்தால் இந்தக் கட்டினை நம்பிப் படகை விட்டுப் போகாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா கடற்கரையில் படகுகள் பெருமளவில் உடைந்தன. சிறு படகு என்றால் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, படகை மேட்டுக்கு இழுத்து, மரத்திலோ ஆழமாக நட்ட குற்றியிலோ இரண்டு பக்கமும் கட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் அடைப்பானைத் திறந்துவைக்க மறக்காதீர்கள். மூடியிருந்தால் ஒரே இரவு மழையில் படகு நிரம்பி, எடை தாங்காமல் அடிப்பகுதி விரிசல் விடும்.